வாரண்டி எத்தனை வருஷம்? – கார் வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதுக் கார் வாரண்டி பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஷோரூம் பெயர், சேல்ஸ்மேன் பெயர், அவர் போன் நம்பர் என்று அனுப்பியவர்கள் மன்னிக்கவும், அவற்றைப் போட மாட்டேன்.

ஒரு கம்பெனி 3 வருஷம், 1 லட்சம் கி.மீ. என்கிறது. இன்னொன்று 3 வருஷம், கி.மீ. கணக்கே இல்லை என்கிறது. நான் வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுவேன். எது லாபம்? – நாகர்கோவில் வாசகர்

உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வருஷமோ கிலோமீட்டரோ, எது முதலில் முடிகிறதோ அத்தோடு வாரண்டி முடிந்தது. மூன்று வருஷத்தில் நீங்கள் 24,000 கி.மீ. தாண்டப்போவதில்லை. வண்டியைப் பார்த்து வாங்குங்கள்.

நீண்ட வாரண்டி தருகிறார்கள் என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா, விற்காததால் தருகிறார்களா? – கோவை வாசகி

நல்ல கேள்வி. இரண்டும் நடக்கும், சில சமயம் ஒரே கம்பெனியில் ஒன்றன்பின் ஒன்றாக. ஹூண்டாய் அமெரிக்காவில் செய்ததைப் பாருங்கள். 1986-ல் எக்ஸெல் என்ற சின்னக் காரை 5,000 டாலருக்கும் கீழே விலை வைத்து இறக்கினார்கள், முதல் வருஷமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அப்புறம் வண்டிகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. கம்பெனி பெயரே நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டலாகிவிட்டது, 1998-ல் விற்பனை சுமார் 90,000-க்கு இறங்கியது. அந்த வருஷம்தான் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம், 1 லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். அன்றைக்கு மற்றவர்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது பைத்தியக்காரத்தனம் மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஆனால் 1999-ல் விற்பனை 1.6 லட்சத்தைத் தாண்டியது, 2000-ல் 2.4 லட்சத்தையும் தாண்டியது.

வாரண்டி மட்டும் இதைச் செய்தது என்று சொன்னால் ஏமாற்று வேலை. அதே காலத்தில் புது மாடல்கள் வந்தன, விலையும் குறைவாக இருந்தது. முக்கியமாக, பத்து வருஷத்துக்கு ரிப்பேர் செலவு தன் தலையில் என்று ஆனபிறகு நல்ல இன்ஜின் செய்வதைத் தவிர கம்பெனிக்கு வேறு வழி இல்லை. வாங்குபவர் நம்புவதும் இந்தக் கணக்கைத்தான்: தப்பு நடந்தால் அவன் பணம் போகும், அதனால் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வான். இதிலும் ஒரு கொக்கி இருந்தது. பத்து வருஷம் முதல் ஓனருக்கு மட்டும்தான், செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு 5 வருஷம், 60,000 மைல். வண்டியைப் பத்து வருஷம் கைமாற்றாமல் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இங்கே வாருங்கள். நாட்டிலேயே அதிகம் விற்கும் மாருதி ரொம்ப காலம் 2 வருஷம், 40,000 கி.மீ. என்றே ஓட்டியது. 3 வருஷம், 1 லட்சம் கி.மீ. என்று மாற்றியது 2024 ஜூலையில்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 2019-ல் புதிதாக உள்ளே நுழைந்த கியா 3 வருஷம், கி.மீ. வரம்பில்லாமல் கொடுத்தது. ஏன் என்று புரிகிறதா? தெருவுக்குத் தெரு மெக்கானிக், எந்தக் கடையில் கேட்டாலும் பார்ட்ஸ் என்று இருக்கிற வண்டிக்கு யாரும் வாரண்டி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குவதில்லை. முன்பின் தெரியாதவன்தான் அதிகமாக வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது எலக்ட்ரிக் கார்களிலும் இதே கதை. பேட்டரி போய்விட்டால் பாதி வண்டிக் காசு என்ற பயம் ஜனங்களுக்கு. அதனால் 8 வருஷம், 1.6 லட்சம் கி.மீ. என்று ஆரம்பித்து, மஹிந்திரா, டாடா எல்லாம் சில மாடல்களுக்கு 'லைஃப்டைம்' வரை வந்துவிட்டார்கள். முதல் ஓனருக்கு. மறுபடியும் அதே கொக்கி.

20,000 கி.மீ.-ல் பிரேக் பேட் மாற்றக் காசு கேட்கிறார்கள். வாரண்டியில் இல்லையா? – திருநெல்வேலி வாசகர்

இல்லை. பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை.

எங்கள் ஊரில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லை, 60 கி.மீ. போக வேண்டும். ஒரு முறை மட்டும் உள்ளூர் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினேன். இப்போது ஏசி கம்ப்ரசர் போய்விட்டது. "வெளியில் சர்வீஸ் விட்டதால் வாரண்டி கேன்சல்" என்கிறார்கள். – கரூர் மாவட்ட வாசகர்

இதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

'வாரண்டி போயிடும் சார்' என்ற மூன்று வார்த்தையை வைத்துத்தான் இந்த ஊரில் சர்வீஸ் அட்வைஸர்கள் பலர் பிழைக்கிறார்கள். வெளியில் மியூசிக் சிஸ்டம் போட்டால் வாரண்டி போயிடும், வேறு கடையில் டயர் மாற்றினால் வாரண்டி போயிடும், அவர்கள் எழுதிய த்ராட்டில் பாடி கிளீனிங்கை வேண்டாம் என்று சொன்னாலும் வாரண்டி போயிடும். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்று உள்ளே போவார், திரும்பி வரமாட்டார். அமெரிக்காவில் 1975-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்: இலவசமாகச் செய்து தந்தால் ஒழிய, எங்களிடம்தான் சர்வீஸ் விட வேண்டும், எங்கள் பார்ட்ஸ்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாது. நம் நாட்டிலும் போட்டி ஆணையம், அதாவது சிசிஐ, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்காக. வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பதுதான் ஆணையம் எடுத்த நிலை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது தனிக்கதை. ஆனால் அதில் இருக்கும் நியாயம் குழந்தைக்கும் புரியும். இன்ஜினில் ஊற்றிய ஆயிலுக்கும் ஏசி கம்ப்ரசருக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் செய்ய வேண்டியது இது. கவுண்டரில் நின்று சண்டை போடாதீர்கள். கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு, "ஆயில் மாற்றியது கம்ப்ரசரை எப்படிப் பாதித்தது என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரே வரி கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். மெக்கானிக்கிடம் ஆயில் கிரேடு, தேதி, கி.மீ. எழுதிய பில் வாங்கி வையுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

ஒன்று மட்டும். போனது இன்ஜினாக இருந்து, நீங்கள் ஆயில் பில்லே இல்லாமல் நின்றிருந்தால் இத்தனை வேகமாக உங்கள் பக்கம் பேசியிருக்க மாட்டேன்.

போன மழையில் முடிச்சூரில் தெருவில் நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், இன்ஜின் லாக் ஆகிவிட்டது. வாரண்டி இன்னும் 2 வருஷம் இருக்கிறது, தர மறுக்கிறார்கள். – சென்னை வாசகர்

வருத்தமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் மறுத்தது சரிதான். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும். வெள்ளம், எலி கடித்த வயர், விபத்து எல்லாம் இன்சூரன்ஸ் சமாச்சாரம். அதிலும் இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன், அதாவது தனிப் பணம் கட்டி பாலிசியோடு சேர்க்கும் இன்ஜின் பாதுகாப்பு, போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல், நனைந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்தீர்கள் என்றால் "இது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்கள் வரவழைத்தது" என்று சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிடுவார். 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனையோ பேர் இப்படித்தான் மாட்டினார்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் தொடவே கூடாது, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு லாரியில் ஏற்ற வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

டெலிவரி அன்று எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,000 ரூபாய் என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள். வாங்கலாமா? – ஈரோடு வாசகி

யார் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கார் கம்பெனி தரும் நீட்டிப்பு என்றால் நாட்டில் அவர்களுடைய எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். சில ஷோரூம்கள் மூன்றாவது ஆள் விற்கும் பிளானை, கமிஷன் அதிகம் என்பதால், அதே நிற உறையில் போட்டுக் கொடுப்பார்கள். என் ஃபிரிட்ஜுக்கு நான் வாங்கியது அந்த ரகம்தான். மூன்றாம் வருஷம் கம்ப்ரசர் போனபோது சான்றிதழில் இருந்த நம்பருக்குப் போன் செய்தால் அப்படி ஒரு இணைப்பே இல்லை என்றது. கடைக்காரர் "அது வேற கம்பெனி சார்" என்று கைவிரித்தார். அதற்கும் முன்னால் ஒரு வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கினேன், அதைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும்.

கம்பெனியின் சொந்த பிளான், வண்டியை ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பீர்கள், டர்போவோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோ இருக்கிறது என்றால் வாங்கலாம். அந்தப் பாகங்கள் போனால் 18,000-ல் முடியாது. சாதாரண மேனுவல் வண்டி, நாலு வருஷத்தில் மாற்றிவிடுவேன் என்றால் யோசியுங்கள். எப்படியும் டெலிவரி அன்றே வாங்க வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயமில்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கலாம், தள்ளிப்போடப் போட விலை ஏறும், அவ்வளவுதான்.

3 வருஷ வண்டி ஒன்றை வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து வாங்கினேன். "இன்னும் வாரண்டி இருக்கு" என்று விற்றவர் சொன்னார். இப்போது கம்பெனியில் கேட்டால் எதுவும் இல்லை என்கிறார்கள். – மதுரை வாசகர்

போட்டோ பார்த்து வாங்கினீர்கள். சரி. சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். எந்த தேதியில் விற்றது, எத்தனை சர்வீஸ் ஆனது, நீட்டிப்பு இருக்கிறதா, அது புது ஓனர் பெயருக்கு மாறுமா என்று எல்லாமே அங்கே தெரியும். லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறவர் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன சொல்ல? வாட்ஸ்அப்பில் அவர் "வாரண்டி இருக்கு" என்று எழுத்தில் சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். வியாபாரியாக இருந்தால் அதை வைத்துப் புகார் போடலாம், தனி ஆளாக இருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது.

ஏழு வருஷ வாரண்டி கொடுத்த கம்பெனி நடுவில் இந்தியாவை விட்டே போய்விட்டால்? – ஓசூர் வாசகர்

நடக்காத விஷயமில்லை. செவர்லே கார் விற்ற ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. இரண்டு கம்பெனிகளுமே சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று சொன்னார்கள். ஆனால் டீலர்கள் குறைந்தால் வரிசை நீளும், மறுவிற்பனை விலை விழும், அதற்கு எந்த வாரண்டியிலும் நஷ்டஈடு கிடையாது. வருஷத்தை எண்ணும்போது உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை சர்வீஸ் சென்டர் என்பதையும் எண்ணுங்கள்.

சொந்த போர்டு வண்டியைக் கால் டாக்ஸியில் ஓட்டினால் வாரண்டி கிடைக்குமா? – திருச்சி வாசகர்

அப்படி ஓட்டுவதே சட்டப்படி தப்பு. வாரண்டியைப் பிறகு பார்க்கலாம்.

கியர்பாக்ஸை மூன்று முறை இறக்கி ஏற்றிவிட்டார்கள். சத்தம் போகவில்லை. "நார்மல் சவுண்டுதான்" என்கிறார்கள். வாரண்டி முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது, இழுத்தடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. – சேலம் வாசகி

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதும் தாளில், என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். 'ஜெனரல் செக்அப்' என்று எழுதியிருந்தால் உங்கள் புகார் எங்குமே பதிவாகவில்லை என்று பொருள். அடுத்த முறை "மூன்றாவது கியரில் 40 வேகத்தில் உறுமல் சத்தம்" என்பது போல, உங்கள் வண்டியில் வருவதை வரும் விதமாக உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். டெஸ்ட் டிரைவில் அவர்கள் ஆள் பக்கத்தில் இருக்கும்போது வீடியோ எடுங்கள். வாரண்டி காலத்துக்குள் புகார் பதிவாகிவிட்டால், தேதி முடிந்துவிட்டது என்று பின்னால் அவர்கள் தப்பிப்பது கடினம். ஆணையம் வரை போனால் குறை இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விடாதீர்கள் அம்மா. ஜாப் கார்டு நகல்களை எனக்கும் அனுப்புங்கள்.

ஷோரூமிலேயே ஃபாக் லைட் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வயரிங் எரிந்துவிட்டது, "ஒரிஜினல் வயரை வெட்டியிருக்கிறீர்கள், வாரண்டி இல்லை" என்று அதே ஷோரூம் சொல்கிறது. – தஞ்சாவூர் வாசகர்

பில் இருக்கிறதா? இருந்தால் வயரை வெட்டியது அவர்கள் ஆள் என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி, நேராக 1915-க்குப் போன் போடுங்கள். "கேஷா குடுங்க சார், பில் இல்லாம குறைச்சுப் போட்டுத் தர்றோம்" என்று சொன்னதைக் கேட்டு வாங்கியிருந்தால் அடுத்த கடிதம் எனக்குப் போடாதீர்கள்.