சிரிப்பு எங்கே விழ வேண்டும்?

ஐயா,

பாடி நடிக்கும் மேற்கத்திய இசைநாடகமான ஓபராவை மூல மொழியிலேயே கேட்க வேண்டும், மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துவரிகள் போதும் என்று நினைப்பவன் நான். மோட்சார்ட்டின் நகைச்சுவை ஓபராக்களை முதல்முறை பார்க்கிறவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லின் இசை கெட்டுவிடாதா? இன்றைய ரசிகர்களுக்காக என்று புது ஜோக்குகளைச் சேர்ப்பதும் சரிதானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கெடும்தான், மறுக்கவில்லை. ஆனால் நகைச்சுவை ஓபராவில் சிரிப்பு விழும் இடத்தையும் இசையமைப்பாளரே முடிவு செய்து வைத்திருக்கிறார்.

1787இல் பிராக் நகரில் அரங்கேறிய மோட்சார்ட்டின் இத்தாலிய மொழி ஓபரா ‘டான் ஜியோவானி’யைப் பாருங்கள். டான் ஜியோவானியால் கைவிடப்பட்ட எல்விராவிடம் அவனுடைய வேலைக்காரன் லெபொரெல்லோ, தன் எஜமானன் மயக்கிய பெண்களின் பட்டியலை விரிக்கிறான். இத்தாலியில் 640 பெண்கள், ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91. இறங்கிக்கொண்டே வந்த கணக்கு சட்டென்று ஏறுகிறது. ஸ்பெயினில் மட்டும் ‘மில்லே எ த்ரே’, அதாவது 1003. கேட்டுக்கொண்டு நிற்கிற எல்விரா ஸ்பெயின்காரி! அந்த எண் மேலே எழுத்தில் முந்திக்கொண்டு வந்துவிட்டால், பாடகர் அங்கே வந்து சேர்வதற்குள் அரங்கம் சிரித்து முடித்திருக்கும்.

சரி, ஆங்கிலத்தில் பாடலாம் என்றால் அது லேசான வேலையில்லை. ‘மில்லே எ த்ரே’ பாடும்போது ‘லே’யும் ‘எ’யும் ஒட்டிக்கொண்டு மூன்றே அசையாகிவிடும். ‘தௌசண்ட் அண்ட் த்ரீ’ நான்கு அசை, முன்னால் ‘ஒன்’ சேர்த்தால் ஐந்து. மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நல்லவேளை, அழுத்தம் விழும் கடைசி ‘த்ரே’யில் ‘த்ரீ’ அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் பாடகர் அங்கே நின்று இழைக்கலாம். ஆங்கிலச் சொற்கள் பலவும் மெய்யில் முடிந்து வாயை மூடிவிடும். அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் பொருளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது, வாய் திறந்து முடிகிற சொல்லைத் தேடுவார். அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பேச்சுபோல விறுவிறுவென்று பாடும் ரெசிடடிவ் பகுதியில் மட்டும் கொஞ்சம் தாராளம் உண்டு. ஒரே ஸ்வரத்தை இன்னொரு முறை தொட்டு ஓர் அசையைச் செருகிக்கொள்ளலாம்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே பாடுவதைக் கொள்கையாக வைத்திருக்கும் லண்டனின் இங்கிலிஷ் நேஷனல் ஓபராகூட 2005இல் எழுத்துவரிகளைக் கொண்டுவந்தது. தெரிந்த மொழியானாலும் ஓபராக் குரலில் சொல் தெளிவாகக் காதில் விழுவதில்லை.

அப்புறம் ஜோக்குகள். யோஹான் ஸ்ட்ராஸின் ‘டி ஃப்ளேடர்மவுஸ்’ மூன்றாம் அங்கத்தில் ஃப்ரோஷ் என்று குடிகாரச் சிறைக்காவலர் ஒருவர் வருவார். அவருக்குப் பாட்டில்லை, பேச்சு மட்டுமே. அந்தந்த ஊர், அந்தந்த நாள் சங்கதியை அவர் வாயில் போடுவது மரபாகவே இருக்கிறது. அங்கே தாராளமாகச் சேர்க்கட்டும். ஆனால் லெபொரெல்லோவின் பட்டியலில் டேட்டிங் ஆப் வந்தால் எனக்கு ஒப்பாது. சிரிக்கிற சிரிப்பில், கேட்டுக்கொண்டு எல்விரா நிற்பது மறந்துபோகும்.

முதலில் ஆங்கிலத்தில் பாருங்கள், பிறகு இத்தாலிய மொழியில். இரண்டு முறையும் 1003 வரும்போது பாடகரை விட்டுவிட்டு அவள் முகத்தைக் கவனியுங்கள்.