கதவுப்பிடியில் கை வைத்த பிறகு வரும் கேள்விகள்

கையில் இருக்கும் தேமலைக் காட்டிப் பத்து நிமிடம் பேசுவார்கள். எழுந்து, கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் "வைத்தியர், இன்னுமொன்று..." என்று உண்மையான கேள்வி வரும். தோல் வைத்தியராகத் திருகோணமலை ஆண்களிடம் நான் கண்ட வழக்கம் இது. கடிதத்தில் கதவு இல்லாததால் இந்த முறை எல்லோரும் நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

வயது 22, உப்புவெளி. ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகச் சிறு பருக்கள் வரிசையாக இருக்கின்றன. நான் யாருடனும் பழகியதில்லை. கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டு ஒரு மாதமாகத் தேய்க்கிறேன், போகவில்லை.

தம்பி, போகாது. அது அழுக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரே அளவில், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உயரத்தில், மாலை கோத்ததுபோல் விளிம்பைச் சுற்றி நிற்பவை பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை. ஆங்கிலத்தில் முத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவை யாருக்கும் தொற்றாது, வயது ஏற ஏற மங்கும். இப்போது உங்களுக்கு எரிச்சல் இருந்தால் அது அந்தச் சவர்க்காரத்தின் வேலை. வெறும் தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள், போதும்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். ஆண்குறித் தண்டிலும் விதைப்பையிலும் மஞ்சளாகக் குருணை போன்ற பொட்டுகள். நசுக்கினால் வெள்ளையாக ஏதோ வருகிறது.

நசுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். உடம்பின் மற்ற இடங்களில் முடியோடு சேர்ந்து மறைந்திருப்பவை, இங்கே முடியில்லாமல் தோலுக்கடியில் தெரிகின்றன. தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணாடி முன் நின்று மேலுதட்டைப் பாருங்கள். அதே பொட்டுகள் அங்கேயும் இருக்கலாம். உதட்டுக்காக யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதில்லை.

கிண்ணியா, கடற்தொழில். ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிவந்த தடிப்புகள். இரவில் கடி தாங்க முடியவில்லை. பாமசியில் தந்த கிறீம் பூசினால் இரண்டு நாள் அடங்கி, பிறகு கூடுகிறது. இப்போது சின்ன மகளும் சொறிகிறாள்.

உங்கள் கடைசி வசனத்திலேயே பதில் இருக்கிறது. இரவில் கூடும் கடி, வீட்டில் இன்னொருவருக்கும் கடி, ஆணுறுப்பில் தடிப்பு: இம்மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சொறிச்சிரங்கு. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் சிற்றுண்ணி அது. மகளின் விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கோடுகளும் சிறு கொப்புளங்களும் தெரியலாம். கடலையோ ஈரச் சாரத்தையோ குறை சொல்ல வேண்டாம். ஒரே பாயில் படுப்பதால் பரவுவது இது.

பாமசி கிறீம் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் கலந்ததாக இருக்கும். அது சிவப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. அந்த மெல்லிய தோலில் வாரக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து எரியும். படர்தாமரை என்றால் உள்ளுக்குள் நன்றாக வளர விட்டுவிடும்.

வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, 5 சதவீத பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை, நக இடுக்கும் ஆணுறுப்பும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளியுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. கடி இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாரம், படுக்கைவிரிப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் தோயுங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கும், தடிப்புகள் அதைவிட நாளெடுக்கும். மருந்து பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

சவரம் செய்த பிறகு சீழ்ப் பருக்கள்.

சவரத்தை விடுங்கள், கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டினால் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இறுக்கமான உள்ளாடையும் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, வீங்கி வலித்தாலோ மட்டும் தாமதிக்காமல் வாருங்கள்.

கட்டாரிலிருந்து வந்து இரண்டு மாதம். வந்த புதிதில் மொட்டில் ஒரு புண், வலியே இல்லை. கிரந்தி என்று இறால், கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தினேன். ஒரு மாதத்தில் தானாக ஆறிவிட்டது. மனைவி கர்ப்பமாக இருக்கிறார். சும்மா கேட்கிறேன்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இது ஒன்றுதான். வலிக்காத, அடி கெட்டியான ஒற்றைப் புண் சிபிலிஸாக இருக்கலாம். மருந்தே இல்லாவிட்டாலும் அந்தப் புண் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். பெயர் இறாலுக்குப் போய்விடும். கிருமியோ இரத்தத்தில் தங்கியிருக்கும். மனைவிக்கும், அவர் வழியாக வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகும்.

இந்த வாரமே மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், விடயம் வெளியே போகாது. ஆரம்ப நிலையில் பென்சிலின் ஊசி ஒரே தடவையில் குணமாக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையையும் அதே நாளில் செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணி கிளினிக்கில் மனைவிக்கு இரத்தம் எடுத்திருப்பார்கள், ஆனால் அது தொற்றுக்கு முந்தியதாக இருக்கலாம். அவரையும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். அதுவரை சேர்க்கை வேண்டாம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் அதையும் அங்கேயே கேளுங்கள், உதவுவார்கள்.

பூக்கோவா போல் சொரசொரப்பாக மூன்று முளைகள். மருந்துக்கடையில் ஆணிக்குப் பூசும் திரவம் விடலாமா?

வேண்டாம், வெந்துவிடும். இது பாலுறவால் பரவும் மரு. பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆம் வகைகளால் வருவது. இவ்விரண்டும் புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் அல்ல. உறைய வைத்தோ மருந்து வைத்தோ கிளினிக்கில் எடுப்பார்கள், திரும்ப வரவும் கூடும். மனைவிக்கு 35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மகள் ஆறாம் வகுப்பு என்றால், 2017 முதல் பாடசாலையில் தரப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு மறுக்காமல் கையெழுத்திடுங்கள்.

வயது 63, மூதூர். விதைப்பைத் தோலில் ஊதா நிறப் பொட்டுகள்.

ஐயா, அவை விரிந்த சிறு இரத்தக் குழாய்கள், வயதோடு வருபவை. சொறிந்தால் இரத்தம் வரும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஆனால் தோலில் இல்லாமல் உள்ளே விதையோடு ஒட்டிக் கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்க வாருங்கள்.