அறையின் நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்யாதீர்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 10-க்கு 10 அடி காங்கிரீட் அறை, தரையில் கிரானைட், மூலையில் ஒரு இரும்பு பீரோ. பம்பை, உடுக்கை வைத்து மாரியம்மன் பாட்டுகளை உள்ளூர்ப் பாடகர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிறேன். குரலையும் கருவிகளையும் அளவாகக் கலந்த மிக்ஸை 5 இஞ்ச் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டால் கச்சிதமாக இருக்கிறது. அதையே காரில் போட்டால் பேஸ் ‘கும் கும்’ என்று முட்டுகிறது, குரல் அடியில் போய்விடுகிறது. செல்போனில் பேஸே கேட்பதில்லை. யூடியூபில் மற்றவர்கள் பாட்டைவிடச் சத்தமும் குறைவு. கையில் 40 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. 8 இஞ்ச் ஸ்பீக்கர் வாங்கலாமா, சப்ஊஃபர் சேர்க்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது ஸ்பீக்கரில் இல்லை, உங்கள் நாற்காலி கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தாழ்ந்த ஒலிகள் போய் மோதித் திரும்பி, குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் அப்படியே நின்றுவிடும். 10 அடி இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 56 ஹெர்ட்ஸில் வரும். அடுத்தது 113, அதற்கடுத்தது 170 பக்கம். நீளம், அகலம், உயரம் வெவ்வேறாக இருக்கும் அறையில் இவை கொஞ்சம் கலைந்து விழும். உங்கள் அறையில் நீளமும் அகலமும் ஒன்று, கூரை உயரமும் அநேகமாக 10 அடியை ஒட்டித்தான் இருக்கும். மூன்று பக்கமும் ஒரே அலைவரிசையில் வந்து குவியும். பெட்டி மாதிரி சமசதுர அறைதான் ஒலிக்கு ஆகவே ஆகாதது.

இதில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது: மேசையைப் போட்டு, நாற்காலியை இழுத்தால் தலை கிட்டத்தட்ட அறையின் நடுவில் வந்து நிற்கும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் சரி நடுவில் 56 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். அதே இடத்தில் 113 ஹெர்ட்ஸ் வீங்கும். பேஸ் போதவில்லை என்று காது சொல்கிறது, நீங்கள் 50, 60 ஹெர்ட்ஸை ஏற்றுகிறீர்கள். குரல் கனமாக, அடைத்த மாதிரி இருக்கிறது என்று 100-லிருந்து 150-க்குள் வெட்டுகிறீர்கள். ஆண் குரலின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் கச்சிதமாகக் கேட்ட பாட்டு காருக்குள் போனதும், ஏற்றியது முட்டுகிறது, வெட்டியது மெலிந்து நிற்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். உங்கள் மென்பொருளில் 56 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே அலைவரிசை மட்டும் உள்ள ஒலி) ஒன்று போடுங்கள். சத்தம் குறைவாகவே இருக்கட்டும், 5 இஞ்ச் ஸ்பீக்கரைப் படுத்த வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுந்து மெதுவாகப் பின்சுவரை நோக்கி நடந்து போங்கள். நடுவில் ஏறக்குறைய இல்லாமலிருந்த டோன், சுவர் நெருங்க நெருங்க ஊதிக்கொண்டே வரும். மூலையில் போய்க் குனிந்தால் காதை அடைக்கும். அப்படியே டோனை 40-லிருந்து 200 வரை மெல்ல ஏற்றினால் பீரோ கதவு ஏதோ ஓரிடத்தில் ‘டர்ர்’ என்று கூடச் சேர்ந்து பாடும். அதை வேறு அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் கதவு இடுக்கில் துணியைத் திணியுங்கள். அளவிடும் மைக் யாரிடமாவது இரவல் கிடைத்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் இதே விஷயத்தைப் படமாகவே பார்க்கலாம்.

இனி இடம் மாற்றம். மேசையை முன்சுவர்ப் பக்கம் தள்ளி, உங்கள் காது அந்தச் சுவரிலிருந்து 3.8 அடியில் வரும்படி உட்காருங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒலிப் பொறியாளர்கள் சொல்லும் தொடக்கப் புள்ளி அது. வேதவாக்கு அல்ல, அங்கிருந்து இரண்டு மூன்று இஞ்ச் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, டோன் சமமாகக் கேட்கிற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரின் முதுகு சுவருக்கு அருகிலேயே இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறக்குறைய மூன்றரை அடி முக்கோணமாக அமையும். இடம் வலமாக மட்டும் சரி நடுவில் இருங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரியோ கோணலாகும். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

செலவு அடுத்து வருகிறது. முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டச் சொல்லி யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஒரு இஞ்ச் ஃபோம் ஷீட்டும் அதன் பங்காளிதான். இரண்டும் உயர்ந்த ஒலிகளை மட்டும் கொஞ்சம் தின்னும், பேஸைத் தொடவே தொடாது. அறை மந்தமாகிவிட்டதே என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்ற, வெளியே பாட்டு கீச்சிடும். உங்களுக்கு வேண்டியது ராக்வூல் பலகை: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 4 இஞ்ச் தடிமன். பாய்லருக்கும் ஏ.சி. டக்டுக்கும் சுற்றுகிற பொருள்தான். ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் இன்சுலேஷன் பொருள் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆசாரியிடம் மரச்சட்டம் அடித்து, காடா துணியால் போர்த்திவிட்டால் போதும். வேலை நடக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், நார் தோலில் பட்டால் அரிக்கும். முதலில் நான்கு மூலைகள். பிறகு இரு பக்கச் சுவர்கள்: நீங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும், எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. சுவருக்கும் பலகைக்கும் இடையே நான்கு இஞ்ச் காற்று விட்டால் இன்னும் தாழ்வான ஒலி வரை வேலை செய்யும். அப்போதும் 56 ஹெர்ட்ஸ் முழுக்க அடங்காது. அதற்கு மருந்து நாற்காலியை நகர்த்தியதுதான். கிரானைட் தரைக்குக் கனமான ஜமுக்காளம் ஒன்று போடுங்கள்.

மிச்சப் பணத்தில் பின்பக்கம் திறந்த வகை ஹெட்ஃபோன் ஒன்று வாங்கலாம். அறை ஏமாற்றும் இடத்தில் பேஸைச் சரிபார்க்க உதவும். பாடுகிறவருக்கு மட்டும் மூடிய வகை. திறந்ததைக் கொடுத்தால், அவர் கேட்டுக்கொண்டே பாடும் ட்ராக் மைக்கில் கசியும். 8 இஞ்ச் ஸ்பீக்கர் இந்த அறைக்குள் வந்தால், அடங்காத அந்த 56 ஹெர்ட்ஸுக்கு இன்னும் தீனி போடும். சப்ஊஃபர் கேட்கவே வேண்டாம்.

பம்பைக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவ்வளவு சத்தமான தோல் கருவியை 10 அடி காங்கிரீட்டுக்குள் அடித்தால், மைக்கில் பாதி பம்பை, பாதி சுவர்தான் விழும். பிறகு எந்த ப்ளக்-இன்னாலும் சுவரைப் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் ஊரில் மாந்தோப்புக்கா பஞ்சம்? காற்று எழும்புவதற்கு முன், விடிகாலையில் தோப்பில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மைக்கை மூன்று நான்கு அடி தள்ளி வைத்து, ஃபோம் உறை மாட்டி, 24 பிட்டில், உச்சம் -10 டெசிபலைத் தாண்டாமல் எடுத்தால் போதும். குயில் கூவினால் கூவட்டும், அம்மன் பாட்டுக்கு அது குறையில்லை. குரல் அறைக்குள்ளேயே: மைக்கிலிருந்து ஒரு சாண், நடுவில் ‘ப’ சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

குரல் அடியில் போவதற்கு இன்னொரு காரணமும் பம்பைதான். குச்சி படும் ‘சடக்’ 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. பாட்டின் சொல் புரிவதற்கு வேண்டிய மெய்யெழுத்துக்களும் அங்கேதான். குரலை ஏற்றினால் பம்பையையும் ஏற்றத் தோன்றும், அந்தப் போட்டிக்கு முடிவே இல்லை. அதற்குப் பதில் குரல் வரும் வரிகளில் மட்டும் பம்பை ட்ராக்கில் 3 கிலோஹெர்ட்ஸை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். அடி குறைந்ததே கேட்பவருக்குத் தெரியாது, சொல் முன்னால் வந்துவிடும். நம் பக்கத்து அம்மன் பாட்டுகளில் குரலுக்கு எக்கோவை வாளியில் மொண்டு ஊற்றுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. வேண்டும் என்றே பாடகர் கேட்டால், எக்கோவின் அடியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுப் போடுங்கள்.

செல்போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தருவதில்லை. 56-ஐ எவ்வளவு ஏற்றினாலும் அதில் வராது. பேஸ் ட்ராக்கில் சாச்சுரேஷன் என்ற மெல்லிய சிதைவை லேசாகச் சேர்த்துவிடுங்கள். மேலே 200, 300-களில் அதன் மடங்குகள் உண்டாகும். அவற்றைக் கேட்டு, கீழே உள்ள சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். கூடவே மோனோவில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோதான். ஸ்டீரியோவை விரித்துப் போட்ட கீபோர்டு அங்கே பாதி காணாமல் போகும்.

மிக்ஸ் செய்யும்போது பக்கத்தில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் சத்தம் வையுங்கள். ஒலி அளவு மாறினால் காதுக்குப் பேஸின் அளவும் மாறித் தெரியும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் ஒரே அளவில் வேலை செய்தால்தான் காது ஒரு முடிவுக்கு வரும். உங்களுக்குப் பிடித்த, நன்றாக மிக்ஸ் ஆன பாட்டு ஒன்றை உங்கள் பாட்டின் சத்தத்துக்கு இறக்கி வைத்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

யூடியூப் விஷயம். காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தை எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் அளக்கிறார்கள். யூடியூப் -14 எல்.யு.எஃப்.எஸ். அளவைத் தாண்டிய பாட்டின் சத்தத்தை அந்த அளவுக்கு இறக்குகிறது. அதற்குக் கீழே உள்ளதை ஏற்றுவதில்லை. உங்கள் பாட்டு அந்த அளவை எட்டவே இல்லை என்பதுதான் பிரச்சினை. தாழ்ந்த பேஸ், உச்சங்களை ஓர் எல்லைக்குள் அடக்கும் லிமிட்டரின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அந்த அளவுகோலில் அதற்கு மதிப்பெண் குறைவு. நாற்காலியை மாற்றிய பிறகு பழைய பாட்டு ஒன்றைத் திறந்து 50, 60 ஹெர்ட்ஸை உங்கள் காது சொல்கிற அளவுக்கு இறக்குங்கள், உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்தி மறுபடி மாஸ்டர் (வெளியிடுவதற்கு முந்தைய கடைசிச் சீரமைப்பு) செய்யுங்கள். லிமிட்டரை முன்பு போல நெருக்காமலேயே மீட்டர் -14-ஐ நெருங்கும்.