பேத்தி சந்திரனா, சந்திராவா?

கேள்வி: தாத்தா பெயர் சந்திரன். அதையே பெண்பாலாக்கி எனக்குச் சந்திரா என்று வைத்தார்கள். மாமா மகனுக்கு அப்படியே சந்திரன். பாட்டி இல்லை. தாத்தா தம் சுயசம்பாத்திய வீட்டை எனக்குத்தான் எழுதினார். ஆனால் உயிலில் ‘என் பேத்தி சந்திரன்’ என்று இருக்கிறது. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது நானும் அம்மாவும். எட்டிக்கூடப் பார்க்காத மாமா, வீடு தன் மகனுக்கு என்கிறார். கெசட்டில் என் பெயரைச் சந்திரன் என்று மாற்றிவிடலாமா?

பதில்: யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை ஓரமாக வையுங்கள். சந்திரன் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு பேரன் இருக்கிறாரே, சிக்கல் அதுதான்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 76: யாரைக் குறிக்கிறது என்பது உயிலின் சொற்களிலேயே விளங்கினால், பெயர்ப்பிழை கொடையைக் கெடுக்காது. அங்கேயே உதாரணமும் உண்டு. ‘சகோதரன் ஜானின் இரண்டாவது மகன் தாமஸுக்கு’ என்கிறது உயில். தாமஸ் என்று மகனே இல்லை, இரண்டாமவன் வில்லியம் என்றால் சொத்து வில்லியமுக்கு. மூத்தவன் பெயர் தாமஸ் என்றால் கொடையே செல்லாது. மாமாவின் வக்கீல் இந்த இரண்டாவதைத்தான் பிடிப்பார். அல்லது ‘பேத்தி’தான் தட்டச்சுப் பிழை என்பார்.

உயிலில் வேறெங்காவது ‘அவள்’, ‘மகள் வயிற்றுப் பேத்தி’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ உதவாது; பத்திர எழுத்தர்களின் அந்த வாய்பாட்டில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. தாத்தா கைப்பட ‘பேத்தி சந்திரா’ என்று எழுதிய வங்கி நியமனப் படிவம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

கெசட் பக்கம் போகவே போகாதீர்கள். தாத்தா இறந்தபிறகு மாற்றும் பெயர், உயில் எழுதிய நாளில் நீங்கள் சந்திரன் இல்லை என்பதற்கு நீங்களே தரும் சாட்சி. அதைவிட மோசம், ‘சந்திரன், சந்திரா இருவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரம். நல்ல வழக்கோடு வந்தவர்கள் இதில் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, ‘உங்களைச் சந்திரன் என்று யார் கூப்பிட்டார்கள்?’ பதில் இருக்காது. அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது; பொய்ச் சத்தியத்துக்குத் தனி வழக்கு வேறு வரலாம்.

தாத்தாவுக்குப் பிள்ளைகள் அம்மாவும் மாமாவும் மட்டும் என்றால், கொடை செல்லாமல் போனாலும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு வரும். மாமாவுக்கும் பாதிதான், அவர் மகன் தனியாக ஜெயித்தால்தான் முழுதும் போகும். பேத்தி நீங்கள் ஒருவர்தானா? துணிந்து வழக்காடலாம். இன்னொரு பேத்தி இருந்தால் ‘பேத்தி’ என்ற சொல் உங்களை மட்டும் காட்டாது; பாதிக்குமேல் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு சமரசம் செய்யுங்கள். அந்தப் பத்திரத்தில் அம்மா, மாமா, அவர் மகன் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், பதிவும் வேண்டும். கையெழுத்துப் போடுமுன் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.