சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சி தோட்டங்களுக்கு வெளிவிளக்கு: கேள்வி பதில்

அண்ணே, கொட்டகை முன்னால் முற்றம் 20க்கு 15 மீட்டர். 200 வாட் ஃபிளட்லைட் ஒன்று போதுமா?

வெளிச்சம் போதும், ஆனால் போடாதீர்கள். ஒரு மூலையிலிருந்து அடித்தால் கண் கூசும். நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னால் கும்மிருட்டு. 30 வாட் எல்இடி மூன்று வாங்கி, 4 மீட்டர் உயரத்தில் வெவ்வேறு சுவர்களில், தரையைப் பார்த்து மாட்டுங்கள். மொத்த ஒளி சுமார் 9,000 லூமன் (ஒளியின் அளவு). நடமாட அதுவே தாராளம்.

ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரக்குறியீடு) விளக்குதான், ஆனாலும் உள்ளே தண்ணீர். ஏன்?

பெரும்பாலும் விளக்கே உறிஞ்சிக்கொள்கிறது. எரிந்து சூடான விளக்கின்மேல் திடீர் மழை கொட்டினால் உள்ளே காற்று சுருங்கும். கேபிள் நுழைகிற இடத்தில் தேங்கிய நீரை அது உள்ளே இழுத்துவிடும். கேபிளை மேலிருந்து இறக்காமல், ஒரு வளைவு தொங்கவிட்டு அடியிலிருந்து நுழையுங்கள். சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் பாகம்) கேபிளின் தடிமனுக்குப் பொருந்தட்டும். தட்டைக் கேபிளை வட்டக் கிளாண்டில் சொருகினால் ஐபி65 வெறும் எழுத்துதான். இணைப்பில் டேப் சுற்றி விட்டாலும் இதே கதி: நீர் கேபிளுக்குள்ளேயே கம்பி இழை வழியாக ஊர்ந்து விளக்குக்கு வரும். இணைப்பை மூட ஐபி66 ஜங்ஷன் பெட்டி வையுங்கள்.

"300 வாட்" சோலார் விளக்கு மலிவாகக் கிடைக்கிறதே?

அந்த 300ஐ மறந்துவிட்டு பேட்டரியைப் பாருங்கள். 3.2 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 32 வாட்-அவர். இங்கே வருடம் முழுக்க இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். வகுத்தால் 2.7 வாட்கூட வராது. வாசல் கேட் அருகே வைக்கச் சரி. டிசம்பர் மழையில் அதுவும் விடியும்வரை நிற்காது.

ஆள் வந்தாலும் சென்சார் விளக்கு எரிவதில்லை, அண்ணே.

உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது, தம்பி. வெயிலில் காய்ந்த சுவர் எதிரே இருந்தால் மாலையில் தடுமாறும். நேராக எதிரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைச் சீக்கிரம் பிடிக்கும். 2.5 மீட்டர் உயரத்தில், பாதை குறுக்கே போகும்படி திருப்புங்கள்.

பூச்சித் தொல்லை?

ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 2700 அல்லது அதற்கும் கீழே, மஞ்சள் ஒளி. வாசல் மேலே மாட்டாமல் தள்ளி மாட்டி வாசலை நோக்கித் திருப்புங்கள்.

ஆட்டுக்கொட்டகை உள்ளே என்ன போடலாம்?

மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா உலோகத்தை அரிக்கும். அம்மோனியா தாங்கும் பிளாஸ்டிக் உடல், ஸ்டெயின்லெஸ் கிளிப் உள்ள ஐபி65 பேட்டன் (நீளமான விளக்கு) வாங்குங்கள். பால் கறக்கும் இடத்துக்கு 4000 கெல்வின், வெள்ளை ஒளி. எலி கடிக்கும், கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள்.

வயரிங் நானே செய்யலாமா?

கூடாது. இங்கே உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யவேண்டும். வெளிச் சுற்றுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) தனியாகக் கேளுங்கள். முற்றத்தில் கசிந்தால் பால் குளிரூட்டியும் சேர்ந்து அணையக்கூடாது.