பழைய மோக்கா பாட்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய 'மூன்று கப்' அலுமினிய மோக்கா பாட் (கீழ்ப்பாத்திரத்தில் சூடாகும் தண்ணீர் நீராவி அழுத்தத்தில் நடுவிலுள்ள பொடி வழியாக ஏறி, மேல்பாத்திரத்தில் காபியாக வழியும் அடுப்புப் பாத்திரம்) குறைந்த விலைக்கு வருகிறது. உள்ளே கறுத்திருக்கிறது. வாங்கலாமா? வீட்டில் இருக்கும் ஃபில்டர் காபிப் பொடியையே போடலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போய்க் கழற்றிப் பாருங்கள். அலுமினியம் கறுப்பது இயல்பு, அதனால் கெடுதல் இல்லை. உள்ளே வெள்ளை பூத்துக் குழி குழியாக அரித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது கீழ்ப்பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் பித்தளை வால்வு. பொடி அடைத்துக்கொண்டால் நீராவிக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். பல மாடல்களில் நடுவே சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் அசைய வேண்டும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து ரப்பர் வாஷர். காய்ந்து வெடித்திருந்தால் பயமில்லை, மாற்றிவிடலாம். ஆனால் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1933-இல் இத்தாலியில் மோக்கா பாட்டைக் கொண்டுவந்த பியாலெட்டி கம்பெனியின் பாட்டுக்கு (பக்கவாட்டில் விரலைத் தூக்கி நிற்கும் மீசைக்காரர் படம் இருக்கும்) உதிரி பாகம் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. பெயரே இல்லாத பாட் என்றால் வாஷருக்கு அலைய வேண்டிவரும். முடிந்தால் விற்பவர் வீட்டு அடுப்பிலேயே வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினிய பாட் சூடாகாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பொடி விஷயம்: பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அச்சிட்டிருக்கும், படியுங்கள். சிக்கரி ஈரத்தில் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும், அதனால் சிக்கரி கலந்த ஃபில்டர் பொடி இதற்கு வேண்டாம். காபி அரைத்துத் தரும் கடையில் சிக்கரி சேர்க்காமல், எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு அரைப்பதைவிடச் சற்றுக் கொரகொரப்பாக முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். பொடியைத் தளரக் கொட்டித் தட்டையாக்கினால் போதும். ஃபில்டரில் அமுக்குகிற பழக்கத்தை இங்கே காட்டக் கூடாது. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டினால் கைப்பிடி உருகும். பர்னர் கம்பியில் பாட் சரிகிறதென்றால் சின்ன கம்பி ஸ்டாண்டு வையுங்கள். மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால் முதலில் கரும்பழுப்பாக மெல்ல வழியும். நிறம் வெளுத்து 'புஸ்' என்று துப்பத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவது கசப்புதான். பழைய பாட் என்பதால் முதலில் போடும் காபியைக் கொட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, இந்த 'மூன்று கப்' இத்தாலிக்காரர்களின் குட்டிக் கப் கணக்கு. மொத்தமே சுமார் 150 மில்லிதான் இறங்கும். பால் சேர்த்தால் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். வீட்டில் நாலு பேர் காபி குடிப்பவர்கள் என்றால் ஆறு கப் பாட்டாகத் தேடுங்கள். மூன்று கப் பாட்டில் பாதி அளவு போட்டுக் காய்ச்சினாலும் சரியாக வராது.