ஆன்டிபயாடிக் நம் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தொண்டை வலிக்கு ஐந்து நாள் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அப்புறம் இரண்டு முறை சளி பிடித்துவிட்டது. மாத்திரை என் எதிர்ப்புச் சக்தியைக் காலி பண்ணிவிட்டதா?

பதில்: இல்லை. ஐந்து நாள் அமாக்ஸிசிலினால், கிருமிகளோடு போராடும் ரத்த வெள்ளணுக்கள் குறைவது மிக அரிது. சளி வைரஸ்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, ஒன்று போனதும் இன்னொன்று தொற்றுவது சகஜம். முதலில் வந்த தொண்டை வலியே வைரஸால் வந்ததாக இருந்தால் அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது, எனக்கு அதுதான் கவலை.

கேள்வி: அப்படியானால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதெல்லாம் புரளியா?

பதில்: முழுப் புரளி என்று தள்ளிவிட முடியாது. பாதிப்பு பெரும்பாலும் குடல் வழியாக வருகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், எதிர்ப்பு செல்கள் தேவையில்லாமல் கொதித்தெழாமல் அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு சேர்த்து இந்தக் குடல் பாக்டீரியாக்களையும் கொல்கிறது. இடம் காலியானதும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். கிளிண்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபலோஸ்போரின் வகைகளில் இந்த ஆபத்து அதிகம். மருந்து முடித்துச் சில வாரம் கழித்துக்கூட வரும், அதனால் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் அந்த மருந்தின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களே கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: நேரடியாக வெள்ளணுக்களைக் குறைக்கிற ஆன்டிபயாடிக் உண்டா?

பதில்: சில உண்டு. குளோராம்பெனிகால் அபூர்வமாக, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையே செயலிழக்க வைத்துவிடும், அதனால்தான் அதை வாய்வழி கொடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. லினசோலிட் இன்னொன்று. பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையை முடக்கும் மருந்து அது. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே மாதிரியான தொழிற்சாலை இருப்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் போகும்போது ரத்த அணுக்கள் குறையலாம். வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினைக்கு மாதக்கணக்கில் அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி அடங்கிவிடாதா?

பதில்: ஓரளவு அடக்குவதற்காகவும்தான் அதைக் கொடுக்கிறார்கள். கிருமியைக் கொல்வதோடு, மூச்சுக்குழாயில் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் அழற்சியையும் அது தணிக்கும். அடிக்கடி மூச்சுத்திணறல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இது நிஜமாகவே உதவுகிறது. காது கேட்பது மந்தமாகிறதா என்று கவனியுங்கள், இசிஜி எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கோடு கூடவே புரோபயாடிக் (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை) கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. 2018இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்குப் பழைய குடல் பாக்டீரியாக்கள் திரும்புவது தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம் என்பதற்கு அது போதும்.

கேள்வி: மாத்திரை சாப்பிடும்போது தடுப்பூசி போடலாமா?

பதில்: காய்ச்சல் அதிகமில்லை என்றால் பெரும்பாலான ஊசிகளைத் தாராளமாகப் போடலாம். வாய்வழி டைபாய்டு தடுப்பு மருந்து ஒரு விதிவிலக்கு. அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, ஆன்டிபயாடிக் அதையும் கொன்றுவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.